தேய்மானக் கணக்கில் மூன்று முறைகள்: பத்து ஆண்டுப் பயன்பாட்டில் கண்டவை

ஓர் அச்சகத்தின் கணக்கைப் பத்து ஆண்டுகளாக எழுதி வருகிறேன். ஒரு சாதனத்தின் விலையை அது பயன்படும் ஆண்டுகளுக்குப் பகிர்ந்து செலவாக எழுதுவதே தேய்மானம். தொடக்கத்தில் எல்லாச் சாதனங்களுக்கும் நேர்கோட்டு முறையிலேயே அதை எழுதினேன். அடக்க விலையிலிருந்து இறுதி மதிப்பை, அதாவது ஆயுள் முடிவில் விற்றால் கிடைக்கும் என்று மதிப்பிடும் தொகையை, கழித்து, மீதியைப் பயன்பாட்டு ஆயுளால் வகுத்தால் ஆண்டுத் தொகை கிடைத்துவிடும். உரிமையாளருக்கு விளக்குவதும் எளிது. மேசை, அலமாரி போன்றவற்றுக்கு இன்றும் அதைத்தான் பின்பற்றுகிறேன்.

கணினிகளில்தான் இந்த முறை பொருந்தாமல் போயிற்று. அடக்க விலை 100, ஆயுள் 5 ஆண்டுகள், இறுதி மதிப்பு 10 என்று கொண்டால் ஆண்டுக்கு 18 எழுத வேண்டும்; இரண்டாம் ஆண்டின் முடிவில் ஏட்டு மதிப்பு (அடக்க விலையில் இன்னும் கழிக்காத மீதி) 64 ஆக நிற்கும். ஆனால் வடிவமைப்பு மென்பொருளின் புதிய பதிப்பு அவற்றில் ஓடாததால் அப்போதே விற்க நேர்ந்தது. கிடைத்த விலையோ 40ஐ ஒட்டியே இருந்தது. ஏறத்தாழ 24 நட்டமாக ஒரே ஆண்டின் கணக்கில் விழுந்தது. அதில் பெரும்பகுதி அந்த ஆண்டுக்கு உரியதன்று. வாங்கிய நாளிலிருந்து நான் குறைத்து எழுதி வந்த தேய்மானமே அது. ஆண்டுதோறும் மீதியில் ஒரே விழுக்காட்டைக் கழிக்கும் குறைந்து செல் மதிப்பு முறையில், ஐந்து ஆண்டுகளில் 100ஐ 10 ஆக்கும் 36.9 விழுக்காடு எழுதியிருந்தால் முதல் ஆண்டில் 36.9, அடுத்த ஆண்டில் 23.3 கழிந்து, ஏட்டு மதிப்பு 39.8 ஆக, விற்ற விலைக்கு அருகிலேயே இருந்திருக்கும். அடுத்து வாங்கிய கணினிகளை அந்த முறைக்குக் கொண்டுவந்தேன்.

அதிலும் ஒரு தொல்லை உண்டு. மீதத்தின் மீதே விழுக்காடு கணக்கிடப்படுவதால் ஏட்டு மதிப்பு ஒருபோதும் பூச்சியத்தைத் தொடாது. என்றோ கழித்துப்போட்ட சாதனங்களின் சிறு மீதங்கள் சொத்துப் பதிவேட்டில் தங்கிவிட, இல்லாத பொருளுக்கும் தேய்மானம் எழுதிக்கொண்டிருந்ததை, பொருள்களை நேரில் எண்ணிச் சரிபார்த்தபோதுதான் கண்டேன்.

எனக்கு மிகுந்த நிறைவளித்தது அச்சு இயந்திரத்துக்குப் பின்பற்றிய உற்பத்தி அலகு முறை. மொத்தம் 90 லட்சம் பிரதிகள் அச்சிடும் என்று மதிப்பிட்டு, இங்கும் அடக்க விலை 100, இறுதி மதிப்பு 10 என்று கொண்டால் கழிக்க வேண்டிய 90ஐ லட்சத்துக்கு ஒன்றாகப் பிரித்தேன். 15 லட்சம் ஓடிய ஆண்டில் 15, வேலை குறைந்து 6 லட்சமே ஓடிய ஆண்டில் 6 என்று எழுதியதால், ஒரு பிரதியின் அடக்கத்தில் இயந்திரத்தின் பங்கு எந்த ஆண்டிலும் மாறவில்லை. விலை சொல்வதற்கு இதைவிட உதவியான எண் எனக்குக் கிடைத்ததில்லை. அச்சிட்ட பிரதிகளை எண்ணிக் காட்டும் கருவியின் அளவை மாதந்தோறும் குறித்துவைக்க வேண்டும் என்பதே இதிலுள்ள உழைப்பு. ஓடாமல் நிற்கும் இயந்திரமும் பழமையடையும் என்பதை அந்தக் கருவி காட்டாது என்பதையும் மறக்கக்கூடாது.

கட்டடம், இயந்திரம் போன்ற சொத்துகளுக்கான பன்னாட்டுக் கணக்கியல் தரநிலை 16இன்படி (IAS 16) ஆயுளையும் இறுதி மதிப்பையும் முறையையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது மறு ஆய்வு செய்ய வேண்டும். முறையை மாற்றினால் அது மதிப்பீட்டு மாற்றமாகவே கருதப்பட்டு, மாற்றிய ஆண்டுக்கும் இனிவரும் ஆண்டுகளுக்கும் மட்டும் பொருந்தும், பழைய கணக்கைத் திருத்த வேண்டியதில்லை. வரிச் சட்டம் வேறு விகிதங்களை விதித்தால் அதற்குத் தனிக் கணக்கு வைத்துக்கொள்வதே முறை. இரண்டையும் ஒன்றாக்கியிருந்த முதல் மூன்று ஆண்டுகளின் ஏட்டு மதிப்புகளை இன்றும் என்னால் நம்பிப் பயன்படுத்த முடிவதில்லை.

இப்போது காகிதம் வெட்டும் இயந்திரத்தைப் பற்றி யோசித்து வருகிறேன். அதன் கத்தி உடலைவிட மிக விரைவில் தேய்வதால், இரண்டையும் தனித்தனி உறுப்புகளாகப் பிரித்து, கத்திக்கு மட்டும் உற்பத்தி அலகு முறையில் எழுதத் தொடங்கியிருக்கிறேன்.