பாயின்ட்டா, கலோரியா, இரண்டுமா? வெயிட் வாட்சர்ஸ் கணக்கில் ஓட்டை எங்கே

“பாயின்ட் வரம்பைத் தாண்டவே இல்லை, ஆனாலும் எடை இறங்கவில்லை.” உணவு ஒவ்வொன்றுக்கும் ஒரு பாயின்ட் போட்டு, நாளுக்கு இத்தனை பாயின்ட்தான் என்று வரம்பு வைக்கும் எடைக்குறைப்புத் திட்டம் வெயிட் வாட்சர்ஸ். அதன் உறுப்பினர்கள் அடிக்கடி சொல்லும் புகார் இது. அடுத்து அவர்களில் பலர் செய்வதும் ஒன்றுதான். மைஃபிட்னஸ்பால் மாதிரி ஒரு கலோரி ஆப்பை இறக்கிக்கொண்டு, சாப்பிட்டதையெல்லாம் இரண்டு இடத்திலும் பதிகிறார்கள். சாயங்காலம் ஒரு ஆப் “போதும்” என்கிறது, இன்னொன்று “இன்னும் 400 கலோரி மிச்சம்” என்கிறது. எதைக் கேட்பது என்று புரியாமல் கடைசியில் இரண்டையும் விட்டுவிடுகிறார்கள்.

இரண்டையும் சேர்ப்பதில் தப்பில்லை. ஆனால் வரம்பு போடும் வேலை ஒன்றுக்குத்தான். மற்றது அந்த வரம்பு சரியாக வேலை செய்கிறதா என்று தணிக்கை செய்ய மட்டும். ஒரே உறையில் இரண்டு கத்தி போகாது.

கலோரியிலிருந்து விலகிப்போன பாயின்ட்

ஜீன் நைடெச் 1963-இல் நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் தொடங்கியபோது இந்தத் திட்டத்தில் பாயின்ட் என்பதே கிடையாது. அது 1997-இல்தான் வந்தது. அப்போதைய சூத்திரப்படி, கலோரியை 50-ஆல் வகுக்க வேண்டும். கொழுப்பு கிராமை 12-ஆல் வகுத்து அதோடு கூட்ட வேண்டும். நார்ச்சத்து கிராமை 5-ஆல் வகுத்துக் கழிக்க வேண்டும். நார்ச்சத்துக்கான சலுகை 4 கிராமோடு சரி. ஆக, அன்றைய பாயின்ட் கலோரியேதான், எண் மட்டும் சின்னது. அந்தக் காலத்தில் இரண்டையும் சேர்த்து எண்ணுவது ஒரே ரூபாய் நோட்டை இரண்டு தடவை எண்ணுவது போல.

2010-இல் வந்த பாயின்ட்ஸ்பிளஸ், கலோரியை நேரடியாகப் பார்க்காமல் புரதம், மாவுச்சத்து, கொழுப்பு, நார்ச்சத்து என்று பிரித்துக் கணக்கிட்டது. பழங்களைப் பூஜ்ஜியமாக்கியதும், அதாவது பாயின்ட் எண்ணாமலே சாப்பிடலாம் என்றதும் அதுதான். 2015 இறுதியில் ஸ்மார்ட்பாயின்ட்ஸ். உறுப்பினர்கள் கணக்குப் போட்டுப் பிடித்த சூத்திரம் இது: கலோரி × 0.0305, கூட்டல் நிறைவுறு கொழுப்பு கிராம் × 0.275, கூட்டல் சர்க்கரை கிராம் × 0.12, கழித்தல் புரத கிராம் × 0.098. 2017 இறுதியில் ஃப்ரீஸ்டைல் வந்து, முட்டை, தோல் நீக்கிய கோழி மார்பு, மீன், பருப்பு, பயறு, கொழுப்பில்லாத தயிர் என 200-க்கும் மேற்பட்ட உணவுகளைப் பூஜ்ஜியப் பட்டியலில் வைத்தது.

இரண்டே உணவுகளை வைத்து இந்த விலகலைப் பார்க்கலாம். ஒரு கேன் கோலா, 355 மில்லி, 140 கலோரி. வெந்த கோழி மார்பு 85 கிராம், அதுவும் ஏறத்தாழ 140 கலோரி.

- 1997: கோலா 3, கோழி 3
- 2010: கோலா 4, கோழி 3
- 2015: கோலா 9, கோழி 2
- 2017: கோலா 9, கோழி 0

கலோரி ஆப்புக்கு இன்றைக்கும் இரண்டும் சமம். கோலாவை 9 ஆக்கியது பாயின்ட்டின் கெட்டிக்காரத்தனம். அதைப் பார்த்தவுடன் கை பின்வாங்கும். கோழியைப் பூஜ்ஜியமாக்கியதில்தான் ஓட்டை விழுகிறது.

இப்போதைய சூத்திரம் சேர்க்கப்பட்ட சர்க்கரை, நார்ச்சத்து, நிறைவுறாக் கொழுப்பு ஆகியவற்றையும் கணக்கில் கொள்கிறது. அதனால் இங்கே 2015 சூத்திரத்தில் போட்ட எண்கள் இன்றைய ஆப்பில் சற்று மாறலாம். அதைவிட முக்கியம், இணையத்தில் கிடைக்கும் பழைய பாயின்ட் கால்குலேட்டரை இன்றைய தின வரம்போடு கலக்காதீர்கள். மேலே உள்ள கோலா வரிசையே அதற்குச் சாட்சி.

கலோரி ஆப்பின் துல்லியம்

கலோரிக் கணக்கில் வரம்பு எங்கிருந்து வருகிறது என்பது வெளிப்படை. ஓய்வில் உடல் ஒரு நாளில் செலவழிக்கும் கலோரியைக் கணிக்கும் மிஃப்ளின் சமன்பாட்டின்படி பெண்களுக்கு: எடை கிலோ × 10, கூட்டல் உயரம் செ.மீ × 6.25, கழித்தல் வயது × 5, கழித்தல் 161. ஆண்களுக்கு 161-ஐக் கழிப்பதற்குப் பதில் 5 கூட்ட வேண்டும். 40 வயது, 165 செ.மீ, 80 கிலோ பெண்ணுக்கு 1,470 வரும். லேசான நடமாட்டத்துக்கு 1.375-ஆல் பெருக்கினால் 2,020. அதில் 500 குறைத்தால் 1,520. ஒரு கிலோ கொழுப்புக்குச் சுமார் 7,700 கலோரி என்று வைத்தால், ஆரம்பத்தில் வாரத்துக்கு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இறங்க வேண்டும். உடல் எடை குறையக் குறைய உடலின் செலவும் குறையும், ஆகவே இந்த வேகம் கடைசிவரை நீடிக்காது. ஐந்து கிலோ குறைந்ததும் கணக்கை மறுபடி போட வேண்டும்.

1,520 என்ற எண் ரொம்பத் துல்லியமாகத் தெரிகிறது, ஆனால் அது அவ்வளவு துல்லியமில்லை. அமெரிக்க உணவு விதிகள் லேபிளில் போட்ட கலோரியை விட 20 சதவீதம்வரை கூடுதலாக இருப்பதைப் பொறுத்துக்கொள்கின்றன. பாதாமில் பிழை எதிர்த்திசையில். 28 கிராம் பாதாமுக்கு லேபிள் 160-க்கு மேல் காட்டும். அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் 2012-இல் சோதித்தபோது உடல் எடுத்துக்கொண்டது 129 கலோரிதான். மென்றும் உடையாத செல்களுக்குள் மாட்டிய கொழுப்பு செரிக்காமலே வெளியேறிவிடுகிறது.

இதையெல்லாம் விடப் பெரிய பிழை நம் கையில் இருக்கிறது. வேர்க்கடலை வெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி என்று ஆப்பில் போட்டால் 16 கிராம், 95 கலோரி. குவித்து எடுத்த கரண்டியில் 30 கிராம் வந்துவிடும். கிராம் காட்டும் சமையலறைத் தராசு இல்லாமல் கலோரி எண்ணுவது வெறும் உத்தேசம்.

பூஜ்ஜியப் பட்டியலைத் தராசில் வைத்தால்

பட்டியலை மீறாத ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் இரண்டு முட்டை (144), ஒரு வாழைப்பழம் (105), கொழுப்பில்லாத கிரீக் தயிர் 170 கிராம் (100). மதியம் வெந்த கொண்டைக்கடலை 150 கிராம் (246), கோழி மார்பு 120 கிராம் (198). மாலையில் ஆப்பிள் (95). இரவு சால்மன் 150 கிராம் (309), மக்காச்சோளம் 100 கிராம் (96). பாயின்ட் பூஜ்ஜியம். கலோரி 1,293.

ஃப்ரீஸ்டைலின் குறைந்தபட்சத் தின வரம்பான 23 பாயின்ட் இன்னும் தொடப்படவே இல்லை. சூத்திரத்தில் கலோரிக்குள்ள பெருக்கு எண் 0.0305, அதைத் திருப்பினால் ஒரு பாயின்ட்டுக்கு உத்தேசமாக 33 கலோரி. 23 பாயின்ட்டையும் செலவழித்தால் இன்னொரு 760. மொத்தம் 2,050. மேலே கணக்குப் போட்ட பெண்ணின் எடை ஏறாமல் இறங்காமல் நிற்பதற்கான அளவே 2,020. விதியை மீறவில்லை, எடையும் அசையவில்லை, இரண்டுமே உண்மை.

பூஜ்ஜியம் என்றால் கலோரி இல்லை என்று நிறுவனம் எங்கும் சொல்லவில்லை. கோழியையும் பயறையும் யாரும் அளவு மீறிச் சாப்பிடமாட்டார்கள், வயிறே நிறுத்திவிடும் என்ற எதிர்பார்ப்பில் தின வரம்பைக் குறைத்து வைத்திருக்கிறார்கள். பலருக்கு அது பலிக்கிறது. சிலருக்குப் பலிப்பதில்லை, அவர்களுக்குத்தான் கலோரி தேவைப்படுகிறது.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு குழி உண்டு. 23 பாயின்ட், 1,520 கலோரி இரண்டையும் மேல் வரம்பாக வைத்துக்கொண்டு, “எதற்கு வம்பு” என்று பூஜ்ஜிய உணவுகளைத் தொடாமல் இருந்தால் நாள் 760 கலோரியில் முடிந்துவிடும், காய்கறி சேர்த்தால் 900. வெள்ளிக்கிழமை வரை தாங்கும். சனி ஞாயிறு வட்டியோடு போய்விடும்.

சேர்ப்பதற்கு மூன்று வழி

முதல் வழி, இரண்டையும் முழுதாக எழுதுவது. இதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். வேலை இரட்டிப்பு, அதைவிட மோசம், தனக்குச் சாதகமான எண்ணை மனம் அன்றன்றைக்குத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும்.

இரண்டாவது, பாயின்ட் வரம்பு போடும், கலோரி தணிக்கை செய்யும். பாயின்ட் முறையில் ஏற்கெனவே பழகியவர்களுக்கு இதுதான் சரி. பாயின்ட்டை வழக்கம்போல எழுதுங்கள். 14 நாட்களுக்குக் கலோரி ஆப்பில் பூஜ்ஜிய உணவுகளை மட்டும் கிராமில் பதியுங்கள். கீரை, வெள்ளரி, தக்காளி வகையறாவை விட்டுவிடலாம். பிறகு உங்கள் கலோரி இலக்கிலிருந்து, தினப் பாயின்ட் × 33-ஐக் கழியுங்கள். நம் உதாரணத்தில் 1,520 கழித்தல் 760, மிச்சம் 760. பூஜ்ஜிய உணவுக்கு உள்ள இடம் அவ்வளவுதான். 14 நாள் சராசரி அதற்குள் இருந்தால் கோளாறு அங்கே இல்லை, வேறெங்கோ தேடுங்கள். 1,000-ஐத் தாண்டினால் அடர்த்தியான நாலைந்தை மட்டும் குறையுங்கள்: கொண்டைக்கடலை, மக்காச்சோளம், வாழைப்பழம், சால்மன். காய்கறியில் கை வைக்க வேண்டாம். அதன்பின் கலோரி ஆப்பை மூடிவிடலாம். எடை நான்கு வாரம் நின்றால் மறுபடி ஒரு வாரம் தணிக்கை.

அந்த 33 நாள் மொத்தத்துக்கான உத்தேசம் மட்டுமே, தனி உணவுக்குப் பயன்படுத்தாதீர்கள். கோலாவில் ஒரு பாயின்ட் 16 கலோரிதான். 2015 கணக்கில் கோழியில் அதுவே 70.

மூன்றாவது, கலோரி வரம்பு போடும், பாயின்ட்டின் சிந்தனை மட்டும் துணை. சந்தாவே வேண்டாம். நாளுக்கு 1,520 வைத்துக்கொண்டு, ஒரே கலோரியில் இரண்டு உணவு எதிரே இருந்தால் லேபிளில் சர்க்கரையும் நிறைவுறு கொழுப்பும் குறைவாக, புரதம் கூடுதலாக உள்ளதை எடுப்பது. எண்களோடு சலிக்காமல் பழகுகிறவர்களுக்கு மூன்றிலும் மலிவான, நேரான வழி இதுதான். வாரக் கூட்டமும் குழுவின் உற்சாகமும் வேண்டுமென்றால் இது உதவாது.

கணக்கு கசியும் இடங்கள்

உடற்பயிற்சியை இரண்டு மூன்று தடவை எண்ணுவது முதலிடம். 1.375 பெருக்கலில் நடமாட்டம் ஏற்கெனவே சேர்ந்துவிட்டது. கைக்கடிகாரம் நடைக்கு 300 கலோரி என்று கலோரி ஆப்புக்கு அனுப்பும். அதே நடைக்கு வெயிட் வாட்சர்ஸ் ஆப்பும் பயிற்சிப் பாயின்ட் தரும். இரண்டிலும் இந்த இணைப்பை அணைத்துவிடுங்கள்.

அடுத்து வாரப் பாயின்ட், அதாவது தின வரம்புக்கு மேல் வாரத்துக்கென்று தரப்படும் கூடுதல் பாயின்ட். 28 வாரப் பாயின்ட் உள்ளவர் அத்தனையும் செலவழித்தால் சுமார் 920 கலோரி, நாளுக்கு 130. 500 பற்றாக்குறை 370 ஆகிவிடுகிறது. இது திட்டத்துக்குள் உள்ள அனுமதிதான், ஆனால் தணிக்கையில் மறந்துவிடக் கூடாது.

முழு எண்ணாக்குவதிலும் கொஞ்சம் நழுவும். ஒரு தேக்கரண்டி ஆலிவ் எண்ணெய் 1.4 பாயின்ட், ஆப் காட்டுவது 1. காலை, மதியம், இரவு தனித்தனியே பதிந்தால் 3. மூன்றையும் சேர்த்து ஒரு மேசைக்கரண்டியாகப் பதிந்தால் 4. நாளுக்கு இப்படி ஐந்தாறு பதிவு இருந்தால் எழுபது கலோரி போல சத்தமில்லாமல் போய்விடும்.

எடை மெஷினைத் தினமும் பார்த்து முடிவெடுப்பதும் வீண். உப்பும் மாவுச்சத்தும் தண்ணீரைப் பிடித்து ஒரே நாளில் ஒரு கிலோ ஏற்றிக் காட்டும். ஏழு நாள் சராசரியை முந்தைய ஏழு நாள் சராசரியோடு ஒப்பிடுங்கள்.

நம் சமையலில்

அமெரிக்காவிலோ பிரிட்டனிலோ கனடாவிலோ இந்தத் திட்டத்தில் இருக்கும் தமிழ் வீடுகளுக்கு இரண்டு விசேஷச் சிக்கல். ஒன்று தேங்காய். துருவிய தேங்காய் 25 கிராம் 88 கலோரிதான், ஆனால் நிறைவுறு கொழுப்பால் 5 பாயின்ட். ஒரு மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய் 119 கலோரி, 4 பாயின்ட். சட்னிக்குப் பயந்து எண்ணெயைத் தாராளமாக விட்டால் கலோரிக் கணக்கில் நஷ்டம்.

இன்னொன்று பருப்பு. நாலு பேருக்கு 150 கிராம் துவரம்பருப்பு, 300 கிராம் காய், இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் என்று சாம்பார் வைத்தால், ஆளுக்கு 2 பாயின்ட், 210 கலோரி. அந்த 2-ம் எண்ணெயினுடையது. பருப்பின் 130 கலோரி பாயின்ட்டில் தெரியவே தெரியாது. இரண்டு கரண்டி கூடப் போட்டுக்கொள்வதைத் தணிக்கைதான் காட்டிக்கொடுக்கும். சமைத்ததும் சாம்பாரின் மொத்த எடையை எடுத்து வைத்துக்கொண்டு, தட்டில் விழுந்ததைக் கிராமில் பதியுங்கள்.

சோற்றுக்கு ஆப்பில் “வெந்தது” என்று தெளிவாக உள்ள பதிவையே எடுங்கள். 200 கிராம் வெந்த சோறு 260 கலோரி, அதே 200 கிராம் அரிசியாக 720.

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ, சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரையோ எடுப்பவர்கள் மேலே சொன்ன எந்த வழியைத் தொடங்கும் முன்பும் மருத்துவரிடம் மருந்தளவைப் பேசிவிட வேண்டும். மாவுச்சத்து திடீரென்று குறைந்தால் சர்க்கரை அபாயமாக இறங்கும். கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், உண்ணுதல் கோளாறிலிருந்து மீண்டவர்கள் இரண்டு கணக்கையுமே தாமாகத் தொடங்க வேண்டாம்.