பெட்டியில் 120, பேனலில் 60: பிஎஸ்5க்காக டிவி வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

பிஎஸ்5 அல்லது எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸ் கேம் கன்சோல் வைத்திருக்கிறீர்கள், ஆஃபர் வரும்போது நல்ல டிவியாக மாற்றலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். "120 ஹெர்ட்ஸ் கேமிங் டிவி" என்று சொல்லி, அரை லட்சத்துக்கு மேல் வாங்கிக்கொண்டு, ஒரு 60 ஹெர்ட்ஸ் டிவியை எங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். ஹெர்ட்ஸ் என்பது திரை நொடிக்கு எத்தனை தடவை படத்தைப் புதுப்பிக்கிறது என்ற கணக்கு. விவகாரம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகப்போகிறது, அதனால் கடை பெயரையும் பிராண்டையும் இங்கே போடவில்லை.

திருச்சியில் ஊரறிந்த ஷோரூம்தான். நானும் தம்பியும் போனோம். உள்ளே நுழைந்ததுமே நாங்கள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: பிஎஸ்5க்கு வேண்டும், 4கேயிலேயே, அதாவது டிவியின் முழுத் தெளிவிலேயே, 120 ஹெர்ட்ஸ் வர வேண்டும், 55 இன்ச். சேல்ஸ்மேன் நேராக ஒரு டிவி முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, "அண்ணே, இது கேமிங்குக்குன்னே வந்த மாடல், பெட்டியிலயே பாருங்க, 120, எச்டிஎம்ஐ 2.1, விஆர்ஆர், எல்லாமே இருக்கு" என்றார். அச்சடித்தும் அப்படித்தான் இருந்தது. (எச்டிஎம்ஐ என்பது கன்சோலை டிவியோடு இணைக்கும் வழி, விஆர்ஆர் என்பது கேமின் வேகத்துக்கேற்ப டிவி தன் ஹெர்ட்ஸை மாற்றிக்கொள்வது.) "4கேயிலயும் 120 வருமா?" என்று தம்பி மறுபடியும் அழுத்திக் கேட்டான். "கண்டிப்பா வரும் தம்பி, நான் கேரண்டி" என்று சொல்லித்தான் பில் போட்டார்கள்.

வீட்டில் மாட்டி, பிஎஸ்5ஐ இணைத்து, செட்டிங்ஸில் ஸ்கிரீன் அண்ட் வீடியோவுக்குள் வீடியோ அவுட்புட் இன்ஃபர்மேஷனைத் திறந்து பார்த்தால் விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. டிவி எந்த ரெசல்யூஷனில் (படத் தெளிவில்) எத்தனை ஹெர்ட்ஸ் வரை ஏற்கும் என்பதை அந்தப் பக்கம் காட்டிவிடும். 1080பியில், அதாவது 4கேயைவிடக் குறைந்த தெளிவில், 120 இருந்தது, 4கேயில் 60 மட்டும். டிவியில் எல்லா எச்டிஎம்ஐ போர்ட்டிலும் மாற்றி மாற்றிச் செருகினோம், டிவி மெனுவில் போர்ட்டை என்ஹான்ஸ்டுக்கு மாற்றினோம், கேம் மோடு போட்டோம், எதுவும் மாறவில்லை.

கடைக்குப் போன் செய்தால் முதல் பதில், கேபிள் சரியில்லை, எங்களிடம் நல்ல கேபிள் இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்பது. இது அப்பட்டமான பொய். பிஎஸ்5 பெட்டிக்குள் வருவதே எச்டிஎம்ஐ 2.1 கேபிள்தான், அதற்கு மேல் ஒன்றும் வாங்கத் தேவையில்லை. அடுத்த பதில், சாஃப்ட்வேர் அப்டேட்டில் வந்துவிடும். பேனலே, அதாவது திரையே, 60 என்றால் எந்த அப்டேட்டும் அதை 4கேயில் 120 ஆக்காது.

எப்படி இவ்வளவு தைரியமாக 120 என்று அச்சடிக்கிறார்கள் என்று தேடிப் படித்தபோதுதான் எரிச்சல் இன்னும் கூடியது. பெட்டியில் பெரிதாக இருக்கும் எண் பல மாடல்களில் பேனலின் ரெஃப்ரெஷ் ரேட்டே (உண்மையான ஹெர்ட்ஸ்) இல்லை, "மோஷன் ரேட்" என்பது போல ஏதாவது ஒரு பெயரில் கம்பெனி தானாக வைத்துக்கொண்ட எண். அடுத்தடுத்த இரண்டு ஃபிரேமுக்கு, அதாவது இரண்டு படங்களுக்கு, நடுவில் டிவியே ஒரு படத்தைக் கற்பனையாகச் செருகுவது, திரைக்குப் பின்னால் எரியும் பேக்லைட்டை அணைத்து ஏற்றுவது, இதையெல்லாம் கணக்கில் சேர்த்து 60ஐ 120 என்று போட்டுவிடுகிறார்கள். கிரிக்கெட் பார்க்க இது ஓரளவு உதவலாம். கேம் விளையாட உதவாது, ஃபிரேம் செருகும் வேலை நடக்கும்போது நீங்கள் பட்டனை அழுத்துவதற்கும் திரையில் நடப்பதற்கும் இடையே தாமதம் கூடிவிடும்.

இன்னொன்று டிஎல்ஜி, அதாவது டூயல் லைன் கேட். 60 ஹெர்ட்ஸ் 4கே பேனலில் இரண்டிரண்டு வரிகளைச் சேர்த்தே எழுதி, செங்குத்தாகப் பாதி ரெசல்யூஷனில் 120 ஹெர்ட்ஸ் காட்டும் வித்தை. 1080பியில் மட்டும் 120 என்று வந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இதையும் "120 ஹெர்ட்ஸ்" என்றே விற்கிறார்கள்.

எச்டிஎம்ஐ 2.1 விஷயம் இதைவிட மோசம். முழு 2.1 என்றால் நொடிக்கு 48 ஜிகாபிட் தகவல் போகும், பழைய 2.0 என்றால் 18. ஆனால் 2.0 என்ற பிரிவே இனி இல்லை, புது வசதிகள் எல்லாம் விருப்பத்துக்கு உட்பட்டவை என்று எச்டிஎம்ஐ உரிமம் வழங்கும் அமைப்பே 2021 இறுதியில் உறுதிப்படுத்திவிட்டது. எந்த வசதி இருக்கிறது என்று கம்பெனி தெளிவாகச் சொல்ல வேண்டும் என்பது விதி. அதை நம்ம ஊர்க் கடைகளில் யார் சொல்கிறார்கள்? 4கே 120 வராத டிவியிலும் 2.1 என்று ஸ்டிக்கர் ஒட்டலாம் என்ற நிலைமைதான்.

சுட்டு விளையாடுபவர்களுக்குத்தானே 120 வேண்டும், நமக்கு எதற்கு என்று சிலர் கேட்பார்கள். ராட்செட் அண்ட் கிளாங்க்: ரிஃப்ட் அபார்ட் போன்ற கதை கேம்களில்கூட நொடிக்கு 40 ஃபிரேம் காட்டும் மோடு இருக்கிறது, தரமும் குறையாது, 30ஐவிட ஓட்டமும் நன்றாக இருக்கும். அது 120 ஹெர்ட்ஸ் டிவியில்தான் கிடைக்கும், ஏனென்றால் 120ஐ 40 சமமாக வகுக்கும், 60ஐ வகுக்காது. இந்த டிவியில் 4கேயில் அந்த மோடு எங்களுக்கு இல்லை.

சரி, கம்பெனியின் சர்வீஸ் ஆளை வரவழைத்தோம். அவர் நல்ல மனிதர், பார்த்ததுமே "சார், இந்த மாடல் பேனலே 60தான்" என்று சொல்லிவிட்டார். ஆனால் ஜாப் ஷீட்டில் எழுதியது "பழுது இல்லை". அதைக் காட்டி கடை கையை விரித்தது: பழுது இல்லாத பொருள், இன்ஸ்டால் ஆகிவிட்டது, திரும்ப எடுக்க மாட்டோம். கம்பெனியைக் கேட்டால் கடையைக் கேளுங்கள் என்கிறது. இந்த இரண்டு பேருக்கும் நடுவில்தான் பெரும்பாலானவர்கள் அலுத்துப்போய் விட்டுவிடுகிறார்கள்.

விடாதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் குறைபாடு என்பதற்கு டிவி ஓடாமல் இருக்க வேண்டும் என்ற அர்த்தமே இல்லை. விற்பவர் எந்த வகையிலாவது சொன்ன தரத்திலிருந்து பொருள் குறைந்தாலும் அது குறைபாடுதான். அப்படிப்பட்ட பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது நியாயமற்ற வணிகம் என்று அதே சட்டம் சொல்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் போன் செய்து புகார் பதிந்த பிறகுதான் எங்கள் கடையின் மேனேஜர் தானாகக் கூப்பிட்டார். மேல் மாடல் தருகிறேன், பழைய டிவிக்குத் தேய்மானம் கழித்துக்கொண்டு மீதியைக் கட்டுங்கள் என்றார். பொய் சொல்லி விற்ற டிவிக்கு நாங்கள் எதற்குத் தேய்மானம் தர வேண்டும்? மறுத்துவிட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரைக்கும் என்றால் கட்டணமே கிடையாது, நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம்.

வாங்கப் போகிறவர்கள் முடிந்தால் கன்சோலையே கடைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். டெமோ வீடியோவை நம்பாதீர்கள், யூஎஸ்பியில் ஓடுவதற்கும் கேமுக்கும் சம்பந்தமே இல்லை. பிஎஸ்5இல் மேலே சொன்ன பக்கம், எக்ஸ்பாக்ஸ் என்றால் டிவி அண்ட் டிஸ்ப்ளே ஆப்ஷன்ஸுக்குள் 4கே டிவி டீடெய்ல்ஸ், அங்கேயே திறந்து பாருங்கள். கன்சோலை இணைக்க விடமாட்டோம் என்றால், "4கே 120 ஹெர்ட்ஸ் நேட்டிவ் பேனல்" என்று பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள், எழுதத் தயங்கினால் வெளியே வந்துவிடுங்கள். உண்மையான 120 டிவியிலும் பல மாடல்களில் இரண்டு போர்ட்டுக்குத்தான் அந்த வசதி, அதில் ஒன்று சவுண்ட்பார் செருகும் இஆர்க் போர்ட்டாகவே இருக்கும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே வாங்கியவர்கள், 30 நாள் தாண்டவில்லை என்றால் இன்று ராத்திரியே அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்து ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். 120 என்று அச்சடித்த அட்டைப்பெட்டியை மட்டும் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள், எங்கள் நோட்டீஸில் முதல் ஆதாரமே அதுதான்.