சிக்கெடுக்கப் போய் சிக்கவைத்த அகராதிச் செயலி

வருடத்துக்கு 399 ரூபாய் கட்டி ஒரு ஆங்கிலம்-தமிழ் அகராதிச் செயலி வாங்கினேன், பெயர் வேண்டாம். ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். மூன்றைப் பறித்தது ஒரே வினைச்சொல்: அன்ரேவல் (unravel).

செய்தி மொழிபெயர்ப்புதான் என் பிழைப்பு. ஒருநாள் ராத்திரி பதினொரு மணிக்கு வந்த செய்தியில், போர்நிறுத்த ஒப்பந்தம் 'அன்ரேவல்' ஆகத் தொடங்கியதாக ஒரு வரி. செயலியில் தட்டினால் 'சிக்கெடு, சிக்கலைத் தீர்', அவ்வளவுதான். தூக்கக் கலக்கத்தில் 'ஒப்பந்தத்தில் இருந்த சிக்கல்கள் தீரத் தொடங்கின' என்று எழுதி அனுப்பியே விட்டேன். அங்கே ஒப்பந்தமே குலைந்துகொண்டிருக்கிறது! நல்லவேளை, டெஸ்க்கில் இருந்த அண்ணன் பிடித்துவிட்டார்.

கையால் பின்னிய ஸ்வெட்டரில் ஒரு நூல்முனையைப் பிடித்து இழுத்தால் வரிசை வரிசையாகப் பிரிந்து வந்து, கடைசியில் நூல் கையில் இருக்கும், ஸ்வெட்டர் இருக்காது. அன்ரேவல் அதுதான். அதனால்தான் மர்மம் அவிழ்வதற்கும் அதே சொல், போட்ட திட்டம் குலைவதற்கும் அதே சொல். அன்டேங்கிள் வேறு. அம்மாச்சி சிணுக்கோலியை வைத்துக்கொண்டு என் தலையோடு மல்லுக்கட்டியது அன்டேங்கிள். சிக்கு போகும், முடி மிஞ்சும் (அம்மாச்சி இழுத்த இழுப்பில் எவ்வளவு மிஞ்சியது என்பது வேறு கதை). டிஸ்என்டேங்கிள் என்றால் பெரும்பாலும் ஏதோ ஒரு வம்பிலிருந்து ஆள் தன்னை விடுவித்துக்கொள்வது. செயலியில் மூன்றுக்கும் ஒரே 'சிக்கெடு'.

'அன்' இல்லாத வெறும் ரேவல் இன்னும் வேடிக்கை. பிரிப்பதும் அதுதான், சிக்காக்குவதும் அதுதான். நூலைப் பிரிக்கப் பிரிக்க அது காலடியில் சிக்காகக் குவிவதைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. செயலியில் அந்தச் சொல்லே இல்லை. அப்புறம், அன்ரேவலின் இறந்தகாலத்தை இரண்டு 'எல்' போட்டு எழுதினால் பிழை என்று சிவப்புக்கோடு இழுக்கிறது. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் அதுதானே சரி, அமெரிக்கர்கள்தான் ஒன்றோடு நிறுத்துவார்கள்.

உச்சரிப்பு ஒலி தெளிவாக இருக்கிறது, நெட் இல்லாமலும் ஓடுகிறது, விளம்பரத் தொல்லை கிடையாது. அந்த இரண்டு நட்சத்திரம் இதற்குத்தான். தவற்றை விளக்கி நீளமாக ஒரு மெயில் போட்டேன், 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று அரை நிமிடத்தில் பதில் வந்துவிட்டது.