குடற்புழு மருந்து பலித்ததா: ஒரு முறை சோதனையா, இரு முறை சோதனையா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் செம்பனை மரங்களுக்கு அடியில் மேயும் மாடுகளுக்குக் குடற்புழு மருந்து கொடுத்தபின், அது பலித்ததா என்பதை இரண்டு வழிகளில் அறியலாம். 14 நாள் கழித்து மட்டும் சாணத்தைச் சோதிப்பது செலவு குறைந்த வழி. ஆனால் அதில் புழுவின் முட்டை தென்படாவிட்டால், மருந்து புழுவைக் கொன்றதா, முதலிலேயே புழு குறைவாக இருந்ததா என்பது விளங்காது.

மருந்து கொடுக்கும் நாளிலும் 14 நாள் கழித்தும் அதே மாடுகளின் ஆசனவாயிலிருந்து நேரடியாகச் சாணம் எடுத்து, ஒரு கிராமுக்கு எத்தனை முட்டைகள் என்று எண்ணி ஒப்பிடுவது இரட்டிப்பு வேலைதான். எனினும், முட்டைகள் 95 விழுக்காட்டுக்கும் குறைவாகவே குறைந்திருந்தால், புழுக்கள் அம்மருந்தை எதிர்க்கத் தொடங்கிவிட்டனவோ என்று ஐயுறுவதற்கு இம்முறையே இடம் தருகிறது. வளர்ந்த மாடுகளின் சாணத்தில் முட்டைகள் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும் என்பதால், இதற்கு இளங்கன்றுகளே ஏற்றவை. நம் வெப்பத்தில் முட்டைகள் ஒரே நாளில் பொரித்துவிடக்கூடும். எனவே சாணத்தை உறையவிடாமல் குளிர்ப்பெட்டியில் கொண்டுசெல்ல வேண்டும்.

எடையைக் கண்ணளவில் குறைத்து மதித்து மருந்தையும் குறைவாக ஊற்றிவிட்டு, பழியை மருந்தின்மேல் போடுவோரும் உண்டு. நாடாவால் மார்புச் சுற்றை அளந்து எடையைக் கணிக்காதவரை, நான் எந்தச் சோதனை முடிவையும் நம்புவதில்லை.