காலி இடத்துக்கு யார் காசு கொடுப்பது? எல்லை தாண்டும் ஆறுகளும் ஐந்து விதமான ஒப்பந்தங்களும்

இரண்டு நாடுகளுக்குப் பொதுவான ஆறு என்று பேச்செடுத்தாலே "யாருக்கு எத்தனை டி.எம்.சி.?" என்றுதான் விவாதம் தொடங்கும். கோடைக்கு அது சரியான கேள்வி. மழைக்காலம் வந்தால் அதே கேள்வி தலைகீழாகிவிடும். பிப்ரவரியில் "திறந்துவிடு" என்று மன்றாடிய கடைமடை நாடு, ஆகஸ்டில் "கொஞ்சம் அடைத்து வை" என்று மன்றாடும்.

அணையின் சங்கடமும் இதுதான். மின்சாரத்துக்கும் பாசனத்துக்கும் அது நிரம்பியிருக்க வேண்டும். வெள்ளத்தை வாங்கிக்கொள்ள வேண்டுமானால் காலியாக இருக்க வேண்டும். மேலே இருக்கும் நாடு தன் அணையில் இடம் விட்டு வைத்தால் மின்சார நட்டம் அதற்கு. பிழைப்பது கீழே இருக்கும் நாடு. அதனால் ஒவ்வொரு ஒப்பந்தத்திடமும் நான் கேட்கப்போவது இரண்டே கேள்விகள். காலி இடத்துக்கு யார் காசு கொடுக்கிறார்கள்? ராத்திரியில் மதகைத் தூக்கும்போது யார் யாருக்குச் சொல்ல வேண்டும்?

சிந்து: சுவர் எழுப்பிய பாகப்பிரிவினை

1948 ஏப்ரல் 1 அன்று கிழக்குப் பஞ்சாப், பாகிஸ்தானுக்குள் போகும் கால்வாய்களில் நீரை நிறுத்தியது. அந்தக் காயத்துக்குப் போட்ட கட்டுதான் 1960 செப்டம்பர் 19 அன்று கராச்சியில் நேருவும் அயூப் கானும் கையெழுத்திட்ட சிந்து நதிநீர் ஒப்பந்தம். நடுவில் உட்கார்ந்து பேசி முடித்தது உலக வங்கி. சட்லெஜ், பியாஸ், ராவி மூன்றும் இந்தியாவுக்கு. சிந்து, ஜீலம், செனாப் மூன்றும் பாகிஸ்தானுக்கு. பாகிஸ்தான் மாற்றுக் கால்வாய்கள் வெட்டிக்கொள்வதற்காக இந்தியா 6.2 கோடி பவுண்டைப் பத்துத் தவணைகளில் கொடுத்தது.

முகம் பார்த்துப் பேசாத அண்ணன் தம்பிக்கு வீட்டின் நடுவே சுவர் எழுப்பிக் கொடுப்பார்களே, அந்த மாதிரி ஏற்பாடு. தினமும் பேச வேண்டிய அவசியம் இல்லாததால்தான் 1965, 1971 போர்களையும் அது தாண்டியது. பாகிஸ்தானுக்குப் போன அந்த மூன்று மேற்கு ஆறுகளில் இந்தியா மின்நிலையம் கட்டலாம், ஆனால் தேக்குவதற்குக் கடுமையான வரம்பு உண்டு. அப்படிப்பட்ட மின்திட்டங்களைப் பற்றிய சண்டைகள் பாக்லிஹாரில் நடுநிலை நிபுணர் வரைக்கும் (2007), கிஷன்கங்காவில் நடுவர் மன்றம் வரைக்கும் (2013) போயின. பகைவர்களுக்கு இதைவிட நல்ல பங்கீட்டு முறை எனக்குத் தெரியவில்லை.

வெள்ளத்துக்கு வந்தால் கதை வேறு. நான்காம் பிரிவின் எட்டாம் உட்பிரிவைப் பாருங்கள். ஆற்றின் இயற்கையான பாதையில் வெள்ள நீரையும் உபரி நீரையும் வெளியேற்ற இரு தரப்புக்கும் தடையில்லை. அதனால் ஏற்படும் சேதத்துக்கு ஒருவர்மேல் ஒருவர் நட்ட ஈடு கோர முடியாது. அசாதாரணமான திறப்பு இருந்தால் இயன்றவரை முன்கூட்டியே தகவல் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். காலி இடம் என்ற பேச்சே அதில் இல்லை.

ராவியின் நீர் 1960-இலேயே இந்தியாவின் பங்காகிவிட்டது. 2025 ஆகஸ்டில் அதே ராவி எல்லை தாண்டிப் போய்க் கர்தார்பூர் குருத்வாராவுக்குள் புகுந்தது. பத்திரத்தில் ஆற்றை யார் பெயருக்கு எழுதினாலும் வெள்ளம் பத்திரத்தைப் படிப்பதில்லை. இதில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொண்டது. பஹல்காம் தாக்குதலுக்குப் பின் 2025 ஏப்ரலில் இந்தியா ஒப்பந்தத்தை நிறுத்திவைத்திருந்தது. ஆகவே அந்த ஆகஸ்டில் தாவி ஆற்று வெள்ள எச்சரிக்கை, ஒப்பந்தப்படி இரு நாடுகளும் நியமிக்கும் சிந்து ஆணையர்கள் வழியாகப் போகாமல் இஸ்லாமாபாத்திலுள்ள இந்தியத் தூதரகம் வழியாக, மனிதாபிமான அடிப்படையில் என்று சொல்லிப் போனது. தகவல் போய்ச் சேர்ந்தது என்பது நல்ல விஷயம். கடமையாக இருந்தது கருணையாக மாறிவிட்டது என்பதுதான் உறுத்துகிறது.

கங்கை: ஐந்து மாதக் கணக்கு

ஆற்றைப் பிரிக்காமல் ஓட்டத்தைப் பிரிப்பது இரண்டாவது வழி. 1996 டிசம்பர் 12 அன்று தேவ கௌடாவும் ஷேக் ஹசீனாவும் கையெழுத்திட்ட கங்கை ஒப்பந்தம் ஒரு கணக்குப் புத்தகம் போன்றது. மேற்கு வங்கத்திலுள்ள ஃபராக்கா தடுப்பணைக்கு வரும் நீர் விநாடிக்கு 70,000 கன அடிக்குள் இருந்தால் பாதிப் பாதி. 70,000 முதல் 75,000 வரை என்றால் வங்கதேசத்துக்கு 35,000, மீதி இந்தியாவுக்கு. அதற்கு மேல் போனால் இந்தியாவுக்கு 40,000, மீதி வங்கதேசத்துக்கு. பத்து நாளுக்கொரு கணக்கு. ஃபராக்காவில் ஒரு அளவீடு, கீழே வங்கதேசத்தில் ஹார்டிங் பாலத்தருகே ஒரு அளவீடு, இரண்டிலும் இரு நாட்டு அலுவலர்களும் இருப்பார்கள். சிந்துவில் இல்லாத ஒரு நல்ல குணம் இதற்கு உண்டு: தினமும் ஒரே அளவுகோலை இருவரும் சேர்ந்து பார்க்கிறார்கள்.

ஆனால் இந்தக் கணக்கு ஜனவரி 1 முதல் மே 31 வரைக்கும்தான். ஃபராக்காவின் 109 மதகுகளும் திறந்துகிடக்கும் பருவமழை மாதங்களைப் பற்றிய பங்கீடோ பொறுப்போ இதில் இல்லை. வெள்ள முன்னறிவிப்புத் தகவல் பரிமாற்றம் தனி ஏற்பாடாக நடக்கிறது.

அந்தத் தனி ஏற்பாடு எவ்வளவு மெல்லிய நூல் என்பது 2024 ஆகஸ்ட் 21 அன்று வேறொரு ஆற்றில் தெரிந்தது. திரிபுராவிலிருந்து வங்கதேசத்துக்குள் ஓடும் கும்தி ஆற்றின்மேல் டும்பூர் அணை இருக்கிறது. குமில்லாவும் பெனியும் மூழ்கியபோது, சொல்லாமல் மதகைத் திறந்துவிட்டார்கள் என்று வங்கதேசத்தில் கொந்தளிப்பு எழுந்தது. இந்திய வெளியுறவுத் துறை மறுத்தது. அணை சிறியது, எல்லையிலிருந்து 120 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, நீர் தானாகவே வெளியேறியது, நீர்மட்டம் ஏறுகிற விவரம் பிற்பகல் 3 மணி வரை அனுப்பப்பட்டது என்றது. அதற்கடுத்த வரிதான் முக்கியம்: மாலை 6 மணிக்கு வெள்ளத்தால் மின்சாரம் போய், தகவல் தொடர்பில் சிக்கல் ஏற்பட்டது. எந்த நேரத்துக்காக ஆற்றின் அளவீட்டு நிலையத்தில் கருவியை வைத்தார்களோ, சரியாக அந்த நேரத்தில் அது ஊமையாகிவிட்டது. யார் சொன்னது சரி என்று வாதாடுவதைவிட, அந்த அளவீட்டு நிலையத்துக்கு ஒரு மாற்று மின்சாரமும் செயற்கைக்கோள் இணைப்பும் கொடுப்பது எவ்வளவு செலவு என்று கேட்கத் தோன்றுகிறது.

கொலம்பியா: காலி இடத்தை விலைக்கு வாங்குவது

என் இரண்டு கேள்விகளில் முதல் கேள்விக்கு நேராகப் பதில் எழுதிவைத்த ஒப்பந்தம் கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையிலானது. அதற்கும் ஒரு வெள்ளம்தான் காரணம்.

1948 மே 30, ஞாயிற்றுக்கிழமை. ஓரிகான் மாநிலத்தில் போர்ட்லாண்டை ஒட்டி, போர்க்காலத்தில் அவசரமாகக் கட்டிய வான்போர்ட் என்ற ஊர். சுமார் 18,500 பேர் குடியிருந்தார்கள். கொலம்பியா ஆறு ஏறிக்கொண்டிருந்தது. அன்று காலை வீட்டுவசதி நிர்வாகம் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தது. கரைகள் தற்போது பத்திரமாக உள்ளன, தேவையானால் எச்சரிப்போம், வெளியேற நேரம் இருக்கும், பதற வேண்டாம் என்று அதில் இருந்தது. மாலை 4.17-க்கு ரயில் பாதைக் கரை உடைந்தது. பொழுது சாய்வதற்குள் ஊரே இல்லை. 15 பேர் இறந்தார்கள்.

1961 ஜனவரியில் கையெழுத்தாகி 1964-இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தின்படி, கனடா தன் பக்கத்தில் டங்கன், கீன்லிசைட், மைக்கா என மூன்று அணைகள் கட்டி 1.55 கோடி ஏக்கர் அடி, நம் கணக்கில் சுமார் 675 டி.எம்.சி. கொள்ளளவை ஒதுக்கியது. 60 ஆண்டு வெள்ளப் பாதுகாப்புக்கு அமெரிக்கா கொடுத்தது 6.44 கோடி டாலர். அந்தத் தொகையை எட்டிய விதம் எனக்குப் பிடித்தது: கீழே எவ்வளவு வெள்ளச் சேதம் தவிர்க்கப்படும் என்று மதிப்பிட்டு, அதில் பாதி. மேலே நீரை முறைப்படுத்தி விடுவதால் அமெரிக்க மின்நிலையங்களில் கூடுதலாகக் கிடைக்கும் மின்சாரத்திலும் கனடாவுக்குப் பாதி. நீரைப் பங்கு போடவில்லை, நீரால் வந்த லாபத்தைப் பங்கு போட்டார்கள்.

இதற்கும் பலி உண்டு. நீர்த்தேக்கங்களுக்காகக் கனடாவில் 2,000 பேருக்கு மேல் இடம்பெயர்ந்தார்கள். பூர்வகுடிகளை யாரும் கேட்கவில்லை. சால்மன் மீன் ஒப்பந்தத்தில் ஒரு பொருட்டாகவே இல்லை. ஏரோ ஏரிப் பக்கம் நீர்மட்டம் இறங்கும் மாதங்களில் மைல் கணக்கில் சேறு காய்ந்து புழுதி பறக்கும். காலி இடம் என்று நாம் சுலபமாகச் சொல்வது அங்கே வாழ்பவர் கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். காசு அரசுக்குப் போனது, புழுதி அவர்களுக்கு வந்தது.

அறுபது ஆண்டுகள் 2024 செப்டம்பரில் முடிந்தன. அதற்கு முன் ஜூலையில் எட்டிய கொள்கை உடன்பாடு, 36 லட்சம் ஏக்கர் அடி இடத்துக்கு ஆண்டுக்கு 3.76 கோடி டாலர் என்று பேசியது. பணவீக்கத்துக்கேற்ப அது ஏறும். பழைய பேரம் அறுபது ஆண்டுக்குமாக 6.44 கோடி, புதியது ஆண்டுதோறும் அதில் பாதிக்கு மேல், அதுவும் முன்பைவிடக் குறைவான இடத்துக்கு. டாலரின் மதிப்பு இறங்கியதைக் கழித்துப் பார்த்தாலும் முதல் தடவை கனடா மலிவாக விற்றுவிட்டது என்றே எனக்குப் படுகிறது. 2025 மார்ச்சில் அமெரிக்கா பேச்சுவார்த்தையை நிறுத்திவைத்தது.

செனகல்: அணையே கூட்டுச் சொத்து

மாலி, மொரிட்டேனியா, செனகல் மூன்றும் செனகல் ஆற்றுக்காக 1972-இல் ஓர் அமைப்பைத் தொடங்கின. கினி 2006-இல் சேர்ந்தது. மாலி மண்ணில் நிற்கும் மனந்தாலி அணை மாலிக்கு மட்டும் சொந்தமில்லை. கடனும் கூட்டு, உடைமையும் கூட்டு. மின்சாரத்தில் மாலிக்கு 52, செனகலுக்கு 33, மொரிட்டேனியாவுக்கு 15 விழுக்காடு. 1989-இல் செனகலும் மொரிட்டேனியாவும் கலவரம், எல்லை மூடல், தூதரக உறவு முறிவு வரைக்கும் போனபோதும் அமைப்பு கலையவில்லை.

மதகு யாருடையது என்ற சண்டைக்கே அங்கே இடமில்லை. எப்போது திறப்பது என்ற சண்டை மட்டும் உண்டு. ஆற்றங்கரை உழவர்கள் வெள்ளம் வடிந்த ஈரத்தில் விதைப்பவர்கள், அவர்களுக்காக ஆண்டுதோறும் செயற்கையாக ஒரு வெள்ளம் விட வேண்டும். மின்சாரக்காரர்களோ அந்த நீரைத் தேக்கி வைக்கச் சொல்வார்கள். வெள்ளம் எல்லா ஊரிலும் எதிரி அல்ல.

இதற்கு நேரெதிரான படம், நேபாளத்திலிருந்து பீகாருக்குள் வரும் கோசி ஆறு. 1954 ஒப்பந்தப்படி நேபாள மண்ணில் நிற்கும் கரையைப் பராமரிப்பது இந்தியத் தரப்பு. 2008 ஆகஸ்ட் 18 அன்று குசாஹாவில் கரை உடைந்தபோது ஆற்றில் வந்த நீர், அங்குள்ள தடுப்பணையின் வடிவமைப்பு அளவான விநாடிக்கு 9.5 லட்சம் கன அடியில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. பீகாரில் 30 லட்சத்துக்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். நிலம் ஒருவருடையது, கரை இன்னொருவருடையது. நீங்கள் வேலை செய்யவில்லை என்று நேபாளத் தரப்பும், வேலை செய்ய விடவில்லை என்று இந்தியத் தரப்பும் சொன்னார்கள்.

மீகாங்: கலந்து பேசலாம், தடுக்க முடியாது

இதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. லாவோஸ், தாய்லாந்து, கம்போடியா, வியட்நாம் நான்கும் 1995-இல் ஆணையம் அமைத்தன. தலைமடையிலிருக்கும் சீனா உறுப்பினர் அல்ல. முதன்மை ஆற்றில் அணை கட்ட முன்கூட்டியே கலந்தாலோசிக்க வேண்டும். ஆனால் மறுக்கும் உரிமை யாருக்கும் இல்லை. லாவோஸின் சயாபுரி அணைக்கு அப்படித்தான் ஆலோசனை நடந்தது. கம்போடியாவும் வியட்நாமும் பொறுத்திருக்கச் சொன்னன, அணை 2019-இல் மின்சாரம் தந்தது. ஒரே ஆறுதல், மழைக்கால நீர்மட்ட விவரம் மட்டும் தந்துகொண்டிருந்த சீனா, ஆண்டு முழுக்கத் தருவதாக 2020-இல் ஒத்துக்கொண்டது.

என் தேர்வு

பகை இருக்கும் இடத்தில் சிந்து மாதிரிச் சுவர், ஆனால் வெள்ளத் தகவலை மட்டும் அந்தச் சுவருக்கு வெளியே, ஒப்பந்தம் நின்றாலும் நிற்காத தனி உடன்படிக்கையாக வைக்க வேண்டும். ஓரளவு நம்பிக்கை இருந்தால் கொலம்பியா வழிதான்: காலி இடத்துக்கு விலை வை, அதில் ஒரு பங்கை நீர்த்தேக்கக் கரையில் இருப்பவர் கையில் கொடு. பணக்கார நாடுகளுக்குத்தான் அது கட்டுப்படியாகும் என்பார்கள். மனந்தாலியைக் கட்டியவர்கள் பணக்காரர்கள் இல்லை. கடனைப் பகிர்ந்து கட்டினார்கள்.

கங்கை ஒப்பந்தத்தின் 30 ஆண்டுகள் 2026 டிசம்பரில் முடிகின்றன. பேச்சு 35,000, 40,000 என்ற எண்களைச் சுற்றியே நடந்து முடிந்தால், ஜூன் முதல் டிசம்பர் வரை அந்த 109 மதகுகளும் இன்றுபோலவே ஒப்பந்தத்துக்கு வெளியே நிற்கும்.