1,85,000 கியாட் வாங்கிக்கொண்டு ஃபேனைக்கூடக் கழற்றாத ரிப்பேர் கடை

ரங்கூனில் கம்ப்யூட்டர் ரிப்பேருக்குக் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். வயிறு எரிகிறது, வார்த்தை முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கம்ப்யூட்டரைச் சும்மா வைத்திருந்தால் ஒன்றும் இல்லை. வீடியோ எடிட் செய்ய உட்கார்ந்தால் ஃபேன் இரையும், திரை கறுக்கும், மறுபடி முதலிலிருந்து. பங்குனி வெயில், கரன்ட் இருக்கும் கொஞ்ச நேரத்தில்தான் வேலையே, அதிலும் இந்தத் தொல்லை.

கடைப் பெயர் வேண்டாம். டவுன் பக்கம் ஒரு சின்னக் கடை. நான் பர்மியத்தில் ஆரம்பிக்க, கவுன்டரில் இருந்தவர், "அண்ணே, தமிழ்லயே சொல்லுங்க" என்றார். டீ வந்தது. பூர்வீகம் எந்த ஊர் என்று கேட்டு, எங்க தாத்தாவும் அந்தப் பக்கம்தான் என்றார். விண்டோஸில் நடந்த கோளாறுகளைப் பட்டியல் போடும் ஈவென்ட் வியூவரைத் திறந்து, வரிசையாக இருந்த 'கெர்னல் பவர் 41' என்பதைக் காட்டி, "மதர்போர்டு போச்சுண்ணே, போர்டு, புது ஃபேன், பேஸ்ட் எல்லாம் சேர்த்து 1,85,000. நம்ம ஆளுகிட்ட அதிகமா வாங்குவேனா?" என்றார். மெஷின் ஒழுங்காக அணையாமல் நின்றது என்பதற்கு மேல் அந்த 41 பெரும்பாலும் எதுவும் சொல்லாது, போர்டு போனதா என்பது அதில் தெரியாது. ரசீது என்று ஒரு துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே பழைய கதை. போன் போட்டால் உங்க வீட்டு வோல்டேஜ் சரியில்லை, ஸ்டெபிலைசர் வாங்குங்க என்றார். ஸ்டெபிலைசர் இருக்கும் நண்பர் வீட்டில் போட்டுப் பார்த்தேன், அங்கேயும் அதே. அப்புறம் விண்டோஸ் புதுசா போடணும், அதுக்குத் தனி சார்ஜ். அப்புறம் மாஸ்டர் வெளியூர். அப்புறம் "திஞ்சான் முடியட்டும்ணே". பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவான திஞ்சானுக்கு ஊரே தண்ணீர் ஊற்றியது, இவர் எனக்குத் தண்ணி காட்டினார். வைபரில் அனுப்பினால் பார்த்துவிட்டுப் பதிலே இல்லை.

கடைசியில் என் மச்சான் வந்து சூட்டைக் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற சாஃப்ட்வேரைப் போட்டுக் காட்டினான். கொஞ்சம் வேலை கொடுத்ததுமே பிராசஸர் 100 டிகிரியைத் தொட்டது. அந்த அளவுக்குப் போனால் அது முதலில் தன்னைத்தானே மெதுவாக்கிக்கொள்ளும், அதற்கும் அடங்காவிட்டால் மெஷின் நின்றுவிடும். ஃபேனைக் கழற்றினால் சூட்டை இழுக்கும் உலோகத் தகடான ஹீட்சிங்க் இடுக்கெல்லாம் தூசி கம்பளி மாதிரி அடைத்திருக்கிறது, பிராசஸருக்கும் அதற்கும் நடுவே தடவும் பேஸ்ட் காய்ந்து உதிர்கிறது, ஃபேனின் நாலு பிளாஸ்டிக் கால்களில் ஒன்று போர்டு ஓட்டைக்குள் பூட்டவே இல்லை. ஃபேன் என் பழைய ஃபேன், மேலே மட்டும் புது ஸ்டிக்கர்! போர்டின் சீரியல் நம்பரும் வீட்டில் இருந்த பழைய பெட்டியில் உள்ளதேதான். ஒரு பிரஷ், ஒரு சின்னப் பேஸ்ட் ட்யூப், காலைச் சரியாக அழுத்திப் பூட்டினது, அவ்வளவுதான், இப்போது அதே எடிட்டிங்கில் 70 சொச்சம். இதற்கா 1,85,000?

கொடுக்கும் முன் போர்டு நம்பரைப் போட்டோ எடுங்கள். மாற்றினேன் என்றால் பழைய சாமானைக் கேளுங்கள். மெஷினுக்கு வேலை கொடுத்து, சூடு எவ்வளவு என்று கண்ணால் பார்த்த பிறகு காசை எடுங்கள். எதை மாற்றினார்கள் என்று எழுதாத சீட்டை வாங்காதீர்கள்.

1,85,000-ஐக் கேட்டு இன்றைக்கும் போன் போட்டேன், என் குரலைக் கேட்டதும் லைன் கட்.