பழைய பட்ஜெட் லேப்டாப்: எஸ்எஸ்டி தந்த வேகம், ஃபேன் எடுக்கும் உயிர்

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை நண்பர் ஒருவர், தன் பழைய லேப்டாப்பைத் தள்ளிவிடலாமா, காசு போட்டு ஓட்டலாமா என்று கேட்டிருந்தார். என்னிடம் இருப்பதும் அதே ரகம்தான்: ஐ3-6006யூ பிராசசர், 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், டிவிடி டிரைவ். 2017, 2018 வாக்கில் பாலக்காட்டிலும் கோயமுத்தூரிலும் கடைக்குக் கடை விற்றது. அவருக்கு எழுதியதைக் கொஞ்சம் விரித்து இங்கே தருகிறேன்.

முதல் செலவு எஸ்எஸ்டி, அதாவது ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும், சுழலும் தட்டு இல்லாத சிப் சேமிப்பகம். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றுகொண்டிருக்கும். பிராசசர் பாவம், சும்மா காத்துக்கிடக்கும். 5400 ஆர்பிஎம் டிஸ்க்கில் சின்னச் சின்னக் கோப்புகளைத் தேடி முள் அங்குமிங்கும் ஓட வேண்டும். நொடிக்கு நூறு தடவை படிப்பதே பெரிய காரியம். சாதாரண சாட்டா எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்கின் அதே இணைப்பில் போவது) அதை ஆயிரக்கணக்கில் செய்யும். 2.5 இன்ச், 7 மிமீ தடிமன், 256 ஜிபி போதும். மதர்போர்டில் எம்.2 ஸ்லாட் (சின்ன அட்டை வடிவ எஸ்எஸ்டி செருகும் இடம்) இருந்தால் அது சாட்டாவா, என்விஎம்ஈ எனும் வேக ரகமா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். அந்தக் காலத்துப் போர்டுகள் பலவற்றில் சாட்டா மட்டும்தான்; என்விஎம்ஈ செருகினால் பயாஸ் (மெஷினைத் தொடக்கும் மென்பொருள்) கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. பில் போட்டே வாங்குங்கள், வாரண்டிக்குச் சீரியல் நம்பரும் பில்லும் வேண்டும்.

எஸ்எஸ்டியை ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்தில் போட வேண்டும். டிவிடி டிரைவைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் செருகும் கேடி எனும் சட்டத்தில் பழைய டிஸ்க்கை வைத்துக்கொள்ளலாம். கேடி 9.5 மிமீ, 12.7 மிமீ என்று இரண்டு அளவில் வரும். டிரைவை வெளியே எடுத்து ஸ்கேல் வைத்து அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள். பழைய விண்டோஸை அப்படியே குளோன் செய்தால் பழைய குப்பையும் கூடவே வரும். புதிதாக இன்ஸ்டால் செய்யுங்கள். லைசென்ஸ் போர்டோடு ஒட்டியது, இணையம் கொடுத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும்.

ரேம் 8 ஜிபி ஆக்கினால் பிரவுசரில் பத்து டேப் திறந்தாலும் மூச்சுத் திணறாது. ரேமின் ரகம் டிடிஆர்4 ஆ, டிடிஆர்3எல் ஆ என்பதை சிபியூ-இசட் மென்பொருளில் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த பிராசசர் இரண்டையும் ஏற்கும், ஆனால் உங்கள் போர்டு ஒன்றைத்தான் ஏற்கும். 2666, 3200 என்று எழுதிய டிடிஆர்4 ஸ்டிக் போட்டாலும் 2133ல்தான் ஓடும், அதிகக் காசு கொடுக்க வேண்டாம். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிக் கிடக்கிறது. பழைய லேப்டாப்பில் கழற்றிய ஸ்டிக் கிடைத்தால் அதுவே போதும்.

இத்தனையும் செய்தால் மெஷின் பறக்கும். மனதாரச் சொல்கிறேன், புது லேப்டாப் வாங்கும் எண்ணமே போய்விடும். சித்திரை மாதம் வரும் வரைக்கும்.

என் கோபமெல்லாம் அந்த ஃபேன் மேல்தான். மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கும் கிழக்குக் காற்று வீட்டுக்குள் கொண்டுவரும் புழுதியை நம் பக்கம் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. காற்று ஓய்ந்ததும் பாலக்காட்டு வெயில் 40 டிகிரியைத் தொடும். ஃபேன் காற்றைத் தள்ளும் இடத்தில், செம்புக் குழாய் முடியும் தகடுகளின் வாயில், சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை படிந்திருக்கும். நகத்தால் நெம்பினால் கம்பளித் துண்டு மாதிரி முழுசாக உரிந்து வரும். அது இருக்கும் வரை ஃபேன் எவ்வளவு கத்தினாலும் சூடு வெளியே போகாது. 6006யூவுக்கு டர்போ (தேவைப்படும்போது வேகத்தைக் கூட்டிக்கொள்ளும் வசதி) கிடையாது, 2 கிகாஹெர்ட்ஸ்தான் உச்சம். 100 டிகிரியை நெருங்கினால் அதிலும் குறைத்துக்கொள்ளும். எஸ்எஸ்டி போட்ட மெஷின் ஏன் மறுபடி இழுக்கிறது என்று கேட்பவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் பதில். எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைப் போட்டுப் பார்த்தால் தெர்மல் த்ராட்லிங் (சூட்டால் வேகம் குறைவது) என்ற வரியில் 'யெஸ்' என்று வரும்.

இதைச் சுத்தம் செய்ய மெஷினை முழுசாகப் பிரிக்க வேண்டியிருக்கிறது. ஃபேன் மதர்போர்டுக்கு அந்தப் பக்கம். அடியில் ஒரு மூடி வைத்திருந்தால் நாலு ஸ்க்ரூவில் முடியும் வேலை இது. இந்த வடிவமைப்பை எந்த விலையைக் காட்டியும் நியாயப்படுத்த முடியாது.

பேட்டரியைக் கழற்றிவிட்டு பவர் பட்டனை 15 நொடி அழுத்திப் பிடியுங்கள். ரப்பர் கால்களுக்கு அடியிலும் டிவிடி டிரைவ் இருந்த குழிக்குள்ளும் ஸ்க்ரூ ஒளிந்திருக்கும். அதை விட்டுவிட்டு நெம்பினால் பிளாஸ்டிக் கொக்கி உடையும். கீபோர்டு, டச்பேட் பட்டைக் கேபிள்களின் லாக்கை மேலே தூக்கிவிட்டுத்தான் கேபிளை இழுக்க வேண்டும். ஸ்க்ரூ இரண்டு மூன்று நீளத்தில் இருக்கும், ஒரு தாளில் படம் வரைந்து அந்தந்த இடத்தில் ஒட்டி வையுங்கள். நீளமானதைக் குட்டைக் குழியில் முடுக்கினால் கை வைக்கும் இடம் புடைத்துக்கொண்டு வெடிக்கும். ஹீட்சிங்க் (பிராசசர் சூட்டை வாங்கும் செம்புக் குழாய்த் தொகுதி) ஸ்க்ரூக்களில் 1, 2, 3, 4 என்று எழுதியிருக்கும்; அந்த வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். அதற்கும் பிராசசருக்கும் நடுவில் சூட்டைக் கடத்தும் பழைய பேஸ்ட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்துவிட்டு, அரிசி அளவு புதுப் பேஸ்ட் போதும். தெர்மல் பேட் (சூடு கடத்தும் மெத்தைத் துண்டு) இருந்தால் அதன் இடத்தில் பேஸ்ட் போடக்கூடாது, இடைவெளி நிரம்பாது. மாசியில் இதை முடித்துவிட்டால் வெயிலைத் தாண்டலாம்.

கடையில் கொடுத்தால் வெளியிலிருந்து புளோயர் அடித்துத் தருவார்கள். அந்தப் பட்டை உள்ளேதான் இருக்கும். ஃபேன் வேகமாகச் சுற்றி பேரிங்கும் தேயும். 'ஹீட்சிங்க்கைக் கழற்றி பேஸ்ட் மாத்திக் கொடுங்க' என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

அடாப்டரையும் கவனியுங்கள். டூப்ளிகேட் அடாப்டரை மெஷின் அடையாளம் காணாவிட்டால் சில மாடல்களில் பிராசசர் 400 மெகாஹெர்ட்ஸிலேயே மாட்டிக்கொள்ளும். எஸ்எஸ்டியும் ரேமும் அங்கே ஒன்றும் செய்ய முடியாது. டச்பேட் கிளிக் இறுகினால் உள்பேட்டரி உப்பியிருக்கலாம், உடனே எடுத்துவிடுங்கள்.

மென்பொருளைப் பற்றி: விண்டோஸ் 11 இந்த பிராசசரை ஏற்காது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்தது. கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை ஓட்டலாம். அதற்குமேல், விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஈதான் என் தேர்வு. 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. கேரளப் பள்ளிகளில் கைட் (மாநில அரசின் பள்ளித் தொழில்நுட்ப நிறுவனம்) தரும் லினக்ஸைத்தான் பிள்ளைகள் படிக்கிறார்கள், வீட்டில் அவர்களே சொல்லிக்கொடுப்பார்கள். தமிழும் மலையாளமும் ஒரே கீயில் மாற்றி மாற்றி அடிக்கலாம். டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கனோ கைரேகை மெஷினோ வைத்துத் தொழில் செய்பவர்கள் மட்டும் முதலில் லினக்ஸைப் பென்டிரைவில் ஓட்டிப் பாருங்கள். யூடியூபில் ஃபேன் அலறினால் பிரவுசரில் எச்264ஃபை எக்ஸ்டென்ஷன் போடுங்கள், அது வீடியோவைப் பழைய எச்264 வடிவில் வரவைக்கும்; புதிய ஏவி1 வடிவ வீடியோவைப் பிரிக்க இதில் வன்பொருள் கிடையாது, எல்லாப் பாரமும் பிராசசர் மேல் விழும்.

கையில் இருக்கும் மெஷின் என்றால் எஸ்எஸ்டி, ரேம், பேஸ்ட் மூன்றையும் தயங்காமல் செய்யுங்கள். இவ்வளவு புகழ்ந்துவிட்டு இதைச் சொல்வது முரண்தான், ஆனாலும் இந்த மாடலை யாராவது குறைந்த விலைக்குத் தந்தால் வாங்காதீர்கள், பாதி விலைக்கும் வேண்டாம். அந்தக் காசோடு கொஞ்சம் சேர்த்தால் 8வது தலைமுறை பிராசசர் போட்ட, அலுவலகங்களில் கழித்த பிசினஸ் லேப்டாப் கிடைக்கும். வாங்குமுன் கடைக்காரரிடம் அடிமூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மூடியைத் தூக்கியதும் ஃபேன் கண்ணில் பட்டால் பேரம் பேசுங்கள், படாவிட்டால் அடுத்த மெஷினைக் கேளுங்கள்.